எட்டாம் வருஷத்து லொறி

கற்பிட்டிக் கரையில் உள்ள ஒரு மீனவர் சங்கத்தில் கொழும்புக்குப் போகிற பெரிய லொறியை ஓட்டுபவர் அன்ரனிப்பிள்ளை. சங்கத்தின் மனேஜர் அவருடைய தங்கை பவுலினா. டீசல் லொறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, மின்சார லொறிகளுக்கு மாற அவள் ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டிருந்தாள். "என்ட தங்கச்சி போட்ட பிளான்" என்று, கொழும்புக்குப் போகிற வழியில் உள்ள பாலாவிச் சாப்பாட்டுக் கடைக்காரர் வரைக்கும் அண்ணன் சொல்லி முடித்துவிட்டார்.

ஓட்டிப் பார்க்க ஒரு மின்சார லொறி வந்தது. முதல் நாள் அன்ரனிப்பிள்ளைதான் எடுத்தார். கடல்நீர் உள்ளே வந்து கிடக்கிற களப்பின் ஓரப் பாதையில் கண்ணாடியை இறக்கியதும், பின்னால் ஐஸ் கட்டிகள் உரசுவது கேட்டது. அப்புறம் கரையில் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளின் இரைச்சல். அப்புறம் தண்ணீர். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஓடியும், ஓடுகிற லொறிக்குள் இருந்து அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மீனை ஐஸில் போட்டு வைக்கிற மீன்வாடிக்கு வந்து நிறுத்தினார். ஒருவரையும் காணவில்லை. லொறி வளைவில் உறுமும்போதுதான் வாடிக்குள் இருக்கிற பெண்கள் ஐஸிலிருந்து மீனை வெளியே எடுப்பார்கள். முந்தி எடுத்தால் வெயிலில் கெட்டுப்போகும். அன்றைக்கும் உறுமலுக்காகக் காத்திருந்தார்கள். ஹோர்ன் அடித்திருக்கலாம். அவருக்குக் கை போகவில்லை.

கடைசியில் சின்ன லொறி ஓட்டுகிற ஃபைஸல்தான் கண்டுபிடித்தான். "என்னண்ணே, பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க? ஆளுக்கு முந்தி லொறி உசிர் போய் மௌத்தாப் போச்சா?"

அந்தக் கிழமைக் கூட்டத்தில் பவுலினா திட்டத்தை வாசித்தாள். ஃபைஸலின் லொறி முதலில் மாறும், கிட்டிய ஓட்டம். கொழும்பு லொறி கடைசியில், எட்டாம் வருஷம்; தூர ஓட்டம், வழியில் சார்ஜ் போட இடம் காணாது. அன்ரனிப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து. அறுபதில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். அவர்தான் முதலில் கையை உயர்த்தி ஆதரித்தார்.

கூட்டம் கலைந்ததும் தங்கை முற்றத்தில் அவரைப் பிடித்தாள். "ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. உங்களைச் சின்ன லொறிக்கு மாத்துறன்."

"பெரிய லொறிய யார் கொண்டு போறது? ஃபைஸலா? அவன் வழி கேட்டுப் போய்ச் சேரக்குள்ள மீன் கருவாடாகிரும்."

"பகிடி விடாதீங்க. ஆசையில்லையா?"

அவர் சறத்தை உதறிக் கட்டினார். "ஆசைதான். அண்ணனுக்காக நீ ஒண்டை மாத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. உன்ட பிளான் நிக்காது, பிள்ளை."

அடுத்த நாள் பின்நேரம், கொழும்பிலிருந்து திரும்பும்போது, களப்போரத்தில் டீசல் லொறியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அதன் சூடு மெல்ல அடங்கியது. கண்ணாடியை இறக்கினார்.

போன் அடித்தது. பவுலினா. "எங்கண்ணே நிக்கிறீங்க? இங்க எல்லாரும் உங்கட லொறிச் சத்தத்துக்குக் காத்திட்டு இருக்கிறாங்க."

"ஓம், வாறன்."

சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. கரையில் தண்ணீர் வந்து தட்டிவிட்டுப் போனது. இன்னொரு தடவை வரட்டும் என்று இருந்தார்.