இழுக்கும் என்று சொன்னேன்

என் மருமகனிடம் ஒரு பொய் சொன்னேன். அவருடைய சின்ன வேன் அந்தப் படகை இழுக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, இழுக்கும் என்றேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க வழியில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடையது கிறிஸ்தவக் குடும்பம். அவர் தாத்தா எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் பண்ணையாளாக இருந்தவர். என் ஒரே மகள் அவரைக் கட்டிக்கொண்டு காங்கேயத்தில் குடியேறினாள். சில வருடங்கள் நான் பேசவே இல்லை. மனைவி போன பிறகு, தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாமல் பேச ஆரம்பித்தேன். மனம் மாறிப் பேசியதாக அவர்கள் இருவரும் நம்பினார்கள்.

மருமகன் குளங்களை மீன் குத்தகைக்கு எடுப்பவர். ஒரு குளத்தில் பிடித்து முடித்ததும் வலையோடு அடுத்த ஊர்க் குளத்துக்குப் போக வேண்டும். வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற மாதிரி சொந்தப் படகு இருந்தால்தான் பெரிய குளங்களை எடுக்க முடியும். கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்த வருடம் ஒன்று வாங்கத் துணிந்தார். அது சரிப்படாவிட்டால் மறுபடி இன்னொருவர் வலைக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான்.

"மாமா, நீங்களும் வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லோணுமுங்க" என்று கூப்பிட்டார். போனேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் பட்டறை அது. சொன்னால் படகும் செய்து தருவார்கள். இரண்டு படகுகள் வெளியே கிடந்தன. ஒன்று சின்னது, அடி தட்டையானது. இன்னொன்று ஏதோ படகுத்துறைக்குச் செய்து, அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போனது. இரட்டை இரும்புச் சட்டம் வைத்த கனமான டிரெய்லரில் நின்றது. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. பார்த்ததுமே கணக்கு என் தலைக்குள் ஓடிவிட்டது. வலையும் மீனும் ஏறினால் மொத்த எடை வேனின் எடைக்குக் கொஞ்சம்தான் குறையும்.

"சின்னத எடுத்துக்குங்க. பெருசுக்கு ஜீப்பாவது வேணுமுங்க" என்றார் பட்டறைக்காரர்.

"நீங்க தொட்டி செய்யறவரு. வண்டிச் சங்கதிய நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

மருமகன் என்னைப் பார்த்தார். "இழுக்குமுங்களா மாமா?"

"இழுக்கும். இதத்தான காலம் பூராப் பாடம் நடத்துனேன்."

அவர் பட்டறைக்காரரிடம் சிரித்தபடி, "மாமா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். மூன்றாம் மனிதர் முன்னால் என்னை மாமா என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. குளத்துமேட்டில் நாலு பேர் பார்க்க வண்டி திணறட்டும், இவன் முகம் தொங்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

சமதளச் சாலையில் வேன் இழுத்துவிட்டது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு குளத்தில் முதல் பிடிப்பு. நான் அங்கே இல்லை. மகள் பிறகு சொன்னதுதான். மீன் நிறைந்த படகைக் கரைமேல் இழுக்கும்போது பாதி ஏற்றத்தில் கிளட்ச் கருகி வேன் நின்றது. பின்சக்கரம் உருளாமல் அண்டைக்கல் கொடுக்க என் மகள் ஓடினாள். கல்லை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் படகு வேனைப் பின்னால் இழுத்தது. வலது கையின் இரண்டு விரல்கள் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நசுங்கின.

ஆஸ்பத்திரிக்குப் போய் நின்று நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால் மருமகனைப் பிடித்துக் கத்தினேன். "மேட்டுல வண்டி ஏத்தத் தெரியாதவனுக்கு எதுக்குடா படகு? போயி மாடு மேய்க்கறது!"

"என்ற தப்புத்தானுங்க மாமா" என்றார். சட்டையெல்லாம் சேறும் ரத்தமுமாக இருந்தது.

விரல்கள் இருக்கின்றன; மடங்குவதில்லை. மருமகன் படகை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கூலி வலைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலிலிருந்து திரும்பும்வரை வாசலில் காத்திருந்து, இருவரையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். மருமகன் எழுந்து வெளியே போனார். செருப்புக்கூடப் போடவில்லை.

"இழுக்காதுன்னு அப்பவே தெரியுமுங்களா?" என்றாள் மகள்.

"தெரியும் கண்ணு."

"கண்ணுங்காதீங்க. பொய் சொன்னது கெடக்குது. ஆஸ்பத்திரில அவர அத்தனை பேச்சுப் பேசுனீங்களே, அப்ப என்ற கையப் பாத்துட்டுத்தானப்பா பேசுனீங்க?"

மறுநாளே பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போனேன்.

அதே பட்டறையில் சின்னப் படகு ஒன்று செய்யச் சொன்னேன். வேனுக்குத் தக்க இலேசான டிரெய்லருக்கு நானே படம் வரைந்து, வெல்டிங் முடியும்வரை பக்கத்தில் நின்றேன். மினி லாரியில் ஏற்றிக் காங்கேயத்தில் அவர் வீட்டு முன்னால் இறக்கினேன். எடை இவ்வளவு, வலையோடு இவ்வளவு, மேட்டிலும் தாங்கும் என்றேன்.

"இருங்க, எடை போட்டுப் பாத்துடறேன்" என்றார் மருமகன்.

டிரெய்லரை இரண்டு ஆட்கள் தள்ளிவர, தேங்காய் லோடு எடை போடும் எடைமேடைக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் நடந்து போய்ச் சேர்ந்தேன். லாரிகள் வரிசையில் நின்றன. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மீனையும் காயவெச்சு எண்ணெய் ஆட்டப் போறீங்களா?" என்று கேலி செய்தார். முதலில் டிரெய்லரோடு படகு. பிறகு வேன் மட்டும். பிறகு வலை, ஐஸ்பெட்டி எல்லாம் ஏற்றி இன்னொரு தடவை. நான் சொன்ன எடைதான் வந்தது. எடைமேடைக்காரரிடம் மருமகன், "இந்த வேனு இத மேட்டுல இழுக்குமுங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இழுக்கும் என்று அந்த ஆள் சொன்ன பிறகுதான் கொக்கியை மாட்டினார்.

வேனில் கூட வந்திருந்த மகள் மறுபடி முன்சீட்டில் ஏறினாள். வேன் கிளம்பியது. நான் கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

படகைத் திருப்பி அனுப்பவில்லை. இப்போது இரண்டு குளம் எடுத்திருக்கிறார்களாம். என் தங்கை சொல்லித்தான் தெரியும். போன் செய்தால் மகள் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, வைத்துவிடுகிறாள்.