கழுவின படம்

ஜெர்மனியில் எட்டு வருடம் கோப்பை கழுவிவிட்டுத் திரும்பி வந்தவன் நான். அந்தப் பாஷைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பிரயோசனமும் இல்லையென்று நினைத்திருந்தேன். போன வருடம் அங்கிருந்து ஒரு மனுஷி வந்தார். பழைய சினிமாவின் வரலாறு எழுதுவதும், உக்கிப்போகும் படச்சுருள்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவதும் அவருடைய வேலை.

எங்கள் ஆட்கள் ஒருகாலத்தில் எடுத்த படமொன்றின் ஒரேயொரு பிரதி, கொக்குவிலில் ஒரு சனசமூக நிலைய அலுமாரியில் கிடந்தது. அதற்காகத்தான் வந்தார். மொழிபெயர்க்க நான் போனது அவருக்காக இல்லை. படத்தின் முதல் காட்சி மயிலிட்டிக் கடல். அதில் தோணி வலிப்பவர் என் அப்பா என்று அம்மா சொல்லுவா. எனக்கு மூன்று வயதில் அப்பா செத்துப்போனார். இடம்பெயர்ந்த அவசரத்தில் அவருடைய படம் ஒன்றைக்கூட நாங்கள் எடுத்துவரவில்லை. எனக்கு அவர் முகம் தெரியாது.

அந்த மனுஷி வருவதற்கு முதல் வாரம் நிலையத் தலைவர் எனக்குப் போன் எடுத்தார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மேடையில் ஏறினால் இறங்காத ஆள்.

"தம்பி, அலுமாரியைத் திறந்தால் புளிச்ச வினாகிரி மணம் மூக்கை அடைக்குது. வெள்ளைக்கார மனிசிக்கு உந்த அலுமாரியை எப்பிடிக் காட்டுறது?"

"அது படம் பழுதாகிற மணம், சேர். தொடாமல் வையுங்கோ. அவ கொண்டுபோய்க் கழுவி எடுப்பா."

ஸ்டூடியோவில் படம் கழுவக் கொடுப்பதை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. பிரதி போட்டு எடுப்பார் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அந்த மனிதர் வாளியைத் தூக்கியிருக்கிறார்.

வழியில் அப்பாவின் கதையை அந்த மனுஷியிடம் சொல்லிக்கொண்டு போனேன். நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் வாழை, குத்துவிளக்கு, பொன்னாடை. முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியில் படச்சுருள் தொங்கியது. கறுப்பெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு ஊறவைச்சு உரஞ்சினது," என்றார் தலைவர். "அவ ஏன் வந்து கழுவோணும், எங்களுக்குக் கையில்லையே? இப்ப மணந்து பாரும், ஒரு மணமும் இல்லை!"

ஒரு படமும் இல்லை. அதை நான் ஜெர்மனில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த மனுஷி பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். தலைவர் மைக்கைப் பிடித்துக் கலை, கலாசாரம் என்று தொடங்கினார். "தொடாமல் வையுங்கோ" என்றது அந்த மனிதரின் காதில் ஏறவில்லை. கழுவுவது மட்டும் ஏறியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கொடுத்த மடையன் நான்.

பாதியில் களைத்துப்போய் மிச்சச் சுருளை அப்படியே விட்டிருந்தார்கள். வேலைக்குப் பஞ்சி பிடித்தவர்கள் என்பதால் பாதிப் படம் தப்பியது. ஆனால் முதல் காட்சி சுருளின் வெளிப்பக்கம். அதைத்தான் முதலில் உரஞ்சியிருந்தார்கள். ஒரேயொரு இடத்தில் மட்டும் சுருள் மடிந்து ஒட்டியிருந்தது. அந்த மனுஷி அதை மெல்லப் பிரித்து, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். தோணியில் குனிந்து தண்டு வலிக்கிற ஒரு ஆளின் முதுகு.

"உங்கள் அப்பாவா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? பேச்சை முடித்துவிட்டு வந்த தலைவரும் எட்டிப் பார்த்தார்.

"உதிலை ஆளை வடிவாத் தெரியேல்லையே, தம்பி."

நான் தலைவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஓம், அப்பாதான்" என்று ஜெர்மனில் சொன்னேன். அந்த மனுஷி படத்துண்டை ஒரு உறையில் போட்டு, அதன்மேல் அப்படியே எழுதினார். அந்த எழுத்தை யார் வந்து கழுவுகிறார் என்று பார்ப்போம்.