ராகு காலத்தில் வந்த பெட்டி

எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் படிக்கட்டில்தான் ஏறவேண்டுமாம். எழுதி ஒட்டியவர் என் எதிர்வீட்டுக்காரர். வங்கியில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சுமையோடு வருபவன் மூன்று மாடி ஏறவேண்டும், வெறுங்கையோடு வருபவர் லிஃப்டில் போகலாம் என்ற இந்த ஏற்பாட்டின் அபத்தம், படித்தவர்களே நிறைந்த இந்தக் கட்டடத்தில் இன்றுவரை ஒருவரையும் உறுத்தியதில்லை.

எங்கள் பகுதிக்குப் பார்சல் கொண்டுவந்தவர் சோழவந்தானிலிருந்து நாள்தோறும் வருகிறவர். சிம்மக்கல் பக்கத்துக் கிடங்கில் காலையில் சரக்கு ஏற்றுவார். வேன் வாடகைக்கு எடுத்தது. நான் ஆசிரியையாக இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே என்னை டீச்சர் என்றுதான் அழைத்தார். புத்தகப் பார்சல் கொண்டுவந்த ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே தம் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"குடுத்த பொட்டிக்குத்தான் காசு டீச்சர். திரும்பிப் போற பொட்டிக்கு ஒண்ணுங் கெடையாது. டீசலு நம்ம பாடு. ரிட்டன் கூடிப்போச்சுன்னா கம்பெனியில நம்ம ஐடிய லாக் பண்ணிருவாங்க, அம்புட்டுதான். மறுநா வண்டி எடுக்க முடியாது."

இதை நான் ஒருமுறை சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, லிஃப்டையாவது திறந்துவிடலாமே என்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "நீங்க வேற! நாம சர்வீஸ்ல சேந்தப்ப இவனுங்க மாதிரி இம்புட்டு வாங்குனோமா?" என்றார். கவுன்டருக்கு ஒருவரும் வராத நாளுக்கும் சம்பளம் வாங்கியவர் அவர். கூட்டம் தலையாட்டியது, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கட்டடத்தில் ராகு காலத்தில் புதுப்பொருள் வீட்டுக்குள் வராது. பிறர் நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. என் தாயும் நேரம் பார்த்தவள்தான். ஆனால் அவள் கடைக்குப் போகும் நேரத்தைத் தான் மாற்றிக்கொண்டாளே தவிர, கடைக்காரரை வெயிலில் நிற்கவைத்ததில்லை. இவர்களோ நினைத்த நேரத்தில் கட்டிலில் படுத்தபடியே விரலால் தட்டி வாங்குவார்கள். நேரம் பார்க்கும் பொறுப்பு மட்டும் தூக்கிக்கொண்டு வருபவனுடையது.

அன்று வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். எதிர்வீட்டுக்கு வந்தது ஒரு கிரைண்டர். சோழவந்தான்காரர் அதைத் தோளில் சுமந்து மூன்று மாடியும் ஏறி, வாசலில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த தலைவர் பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எதிரில் நின்ற முகத்தைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ராகு காலத்துல கொண்டுக்கிட்டு வாரியேய்யா. பன்னெண்டுக்கு மேல வா."

"பன்னெண்டுக்கு அலங்காநல்லூர்ல நிப்பேன் சார். அங்கன இருந்து திரும்பி வர முடியாதுங்க. இந்த மாசம் இன்னொரு ரிட்டன் ஆனா ஐடி போயிரும். பொட்டி வெளியவே கெடக்கட்டும், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் ஆகாது."

"மூணு நாளா ரோட்டுலயே வருது சார் இது. வழியில எம்புட்டு ராகு காலத்தப் பாத்துருக்கும்!"

"வாய் பேசாத. எடுத்துக்கிட்டுப் போ."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "சார், எங்க வீட்ல வச்சிருக்கேன். பன்னெண்டுக்கு மேல எடுத்துக்கங்க. நம்பர மட்டும் சொல்லிருங்க, பாவம்."

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? நம்பரச் சொல்லிட்டா வாங்குன மாதிரிதான? பதினோரு மணிக்கு வாங்கியாச்சுன்னு மெசேஜ் வந்துரும்ல!"

ராகுவுக்குக் குறுஞ்செய்தி படிக்கத் தெரியும் என்று அன்றுதான் நான் அறிந்தேன்.

கதவு சாத்தப்பட்டது. சோழவந்தான்காரர் என்னைப் பார்த்து, "விடுங்க டீச்சர்" என்றார். கிரைண்டரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்று நின்று இறங்கினார். திங்கட்கிழமை நண்பகலில் வேறொருவர் அதே பெட்டியைச் சுமந்து வந்தார். நேரம் நல்ல நேரம். குங்குமம் வைத்து உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து என் வீட்டு மணி அடித்தது. வாசலில் சோழவந்தான்காரர்தான், கையில் எனக்கொரு பார்சல், எதிர்வீட்டுக்கு ஒன்று. இளைத்திருந்தார்.

"எங்க ஆளையே காணோம்?" என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "ஐடிய லாக் பண்ணிட்டாங்கள்ல. இப்ப மச்சான் ஐடியில ஓட்டுறேன். வர்றதுல பாதி அவருக்கு."

"பாதியா? சொந்த மச்சானா இருந்துமா?"

"சொந்தம்னால பாதி டீச்சர். அசலா இருந்தா இன்னும் கேப்பான்." சிரித்தார். "வெளிய தெரிஞ்சா இதுவும் போயிரும். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

அதற்குள் எதிர்க்கதவு திறந்தது. தலைவர் பார்சலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னார். அன்று ஏனோ நல்ல மனநிலையில் இருந்தார்.

"முன்னாடி ஒருத்தன் வந்துக்கிட்டிருந்தான்யா. ஒரு கிரைண்டரத் தூக்கிட்டு வந்து என்னா பேச்சுப் பேசுனான், திமிர் புடிச்சவன்! நீ பரவால்ல."

"அப்படிங்களா சார்" என்று எண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார் அவர். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அடுத்த வீட்டுப் பார்சலுக்காகப் படியிறங்கிப் போனார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா டீச்சர்? குடுக்குற காசுக்கு ஒழுங்கா வேலை பாக்குறவனும் இருக்கத்தான் செய்றான்."

அந்தக் காசில் பாதி யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்பதை அறிந்தவளாக நான் நின்றிருந்தேன். பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் மற்றப் பாதியும் போயிருக்கும்.