மூன்றாவது பேஸில் நின்ற பொம்மை

பாப்பா, தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். தம்பி சொல்வதைக் கேட்டால் அந்தப் பந்தை அவனே அடித்தது போல இருக்கிறது. அதனால் நான் பார்த்தபடி எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து, எழுத்துக் கூட்டியாவது வாசித்துவிடுங்கள். அப்பா ஐடிஐ வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் அமெரிக்காவில் இந்தக் கேட்டி ஊருக்கு வந்த புதிதில், எனக்கு ஏசி ரிப்பேர் வேலை அமைந்தது. கோடையில் ஒரு வீட்டின் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஏறி இறங்கினால் சட்டையைப் பிழியலாம். அடுத்த வீட்டுக்கு வேனில் போகும்போது ரேடியோவில் பேஸ்பால் ஓடும். இந்த ஊரில் எல்லோரும் படபடவென்று பேசுவார்கள். அந்த ரேடியோக்காரர் மட்டும் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில், அவசரமே இல்லாமல் பேசுவார். எனக்கு முழுசாகப் புரிந்த முதல் அமெரிக்க ஆங்கிலம் அவருடையதுதான். கூடவே ஆட்டமும் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து நான் நம் ஊர் அணியின் ஆள்.

இந்த வருஷம் சீசனின் கடைசி வாரமும் நவராத்திரியும் சேர்ந்து வந்தன. அம்மா கொலுப்படி கட்டி முடித்ததும், கீழே பார்க் வைக்கிற வேலை, பாப்பா, உனக்கு. அம்மா மதுரையிலிருந்து கொண்டுவந்த கிரிக்கெட் பொம்மை செட்டை நீ எடுத்தாய். பச்சை விரிப்பில் கோலமாவால் கோடு போட்டு, அதை பேஸ்பால் மைதானமாக்கிவிட்டாய். விக்கெட் கீப்பர் கேட்சர் ஆனார். அம்பயர் அம்பயராகவே இருந்தார். ஒரு பேட்ஸ்மேனை மட்டும் மட்டையோடு மூன்றாவது பேஸில் நிறுத்தினாய்.

"பேட்டைத் தூக்கிக்கிட்டு எதுக்கு பாப்பா ஓடறான்?" என்று கேட்டேன்.

"அது கையோட ஒட்டியிருக்கு, இட்ஸ் க்ளூட் ஆன், அப்பா. ஹி ஈஸ் அபௌட் டு ஸ்கோர்!"

மூன்று பேஸையும் தொட்டு, கிளம்பிய இடமான ஹோமுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். மூன்றாவதில் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. நம் அணியும் அந்த வாரம் அப்படித்தான் ஆடியது. ஆளை மூன்றாவது பேஸ் வரை அனுப்பும், அங்கேயே நிற்க வைத்துவிடும். வியாழன் தோல்வி. வெள்ளியும் தோல்வி. சனிக்கிழமை தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். ஞாயிறு கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிளே-ஆஃப், தோற்றால் சீசன் அத்தோடு சரி.

தம்பி பழியைப் பொம்மை மேல் போட்டான். "அவன் அங்கயே நிக்கறான், தட்ஸ் வொய்! மூவ் ஹிம்!"

"கை வெச்சுப் பாரு, தெரியும் சேதி," என்றாள் அம்மா. "கொலு வெச்சாச்சுன்னா விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையும் அசையக் கூடாது."

"ஒரே ஒரு அடிதானே..." என்று நான் சிபாரிசுக்குப் போனேன்.

"உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஞாயிறு மதியம் சுண்டலுக்கு ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு அங்கிள் ஆயில் கம்பெனி இன்ஜினியர், வாரக்கடைசி கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். பார்க்கைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன சார், தங்கமான கிரிக்கெட் செட்டை இப்படிப் பாழ் பண்ணிட்டீங்க! பேஸ்பால் பேட்ல என்ன சார் இருக்கு? பூரி தேய்க்கலாம், அவ்ளோதான்."

"வி ஆர் கோயிங் டு வின் டுடே, அங்கிள்," என்றாய் நீ, பாப்பா.

"அப்படியா? தோத்தா அடுத்த வருஷம் இங்க கிரிக்கெட்தான். நானே வந்து ஃபீல்ட் செட் பண்ணுவேன். ஓகேவா?"

"டீல்!" என்று கையைக் கொடுத்துவிட்டாய். மைதானம் உன்னுடையது. பந்தை அடிக்க வேண்டியவர்கள் வேறு யாரோ.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். எதிரணி ஆடி முடித்துவிட்டது, நம் அணி பேட்டிங். ஒரு ரன் வந்தால் வெற்றி. சரியாக அந்த நேரம் பார்த்து, வந்திருந்த ஒரு ஆன்ட்டியிடம் அம்மா, "அம்பாள் மேல ஒரு பாட்டு பாடுங்களேன்" என்றாள். டிவியின் வாயை அடைத்தோம். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். நாம் சுண்டல் கிண்ணத்தோடு, கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒருவர் அவுட். ஆனால் நம் ஆள் ஒருவர் மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டார். டிவியைப் பார்த்தேன், கீழே பொம்மையைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில். அடுத்து வந்தவர் ஓங்கி அடித்தார். பந்து உயரே போய், தூரத்தில் ஒருவர் கைக்குள் விழுந்தது.

"கேட்ச்! அவுட்! போச்சு சார்!" அங்கிளுக்குப் பாட்டு நடப்பதே மறந்துபோயிற்று.

கிரிக்கெட்டில் அவர் சொன்னது சரி. இங்கே அப்படி இல்லை. அடித்தவர்தான் அவுட். பேஸை மிதித்துக்கொண்டு காத்திருந்தவர், பந்து பிடிபட்ட நொடியில் கிளம்பலாம். நம் ஆள் கிளம்பினார். பந்தும் கிளம்பியது. புழுதியில் சறுக்கிப் போய் ஹோமைத் தொட்டார். ரன் செல்லும் என்று அம்பயர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார்.

பாப்பா, நீ போட்ட கூச்சல் அடுத்த ஊர் சுகர் லேண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். தம்பி எகிறிக் குதித்ததில் சுண்டல் மழை பெய்தது. நானும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். பாட்டின் கடைசி அடியில் இருந்த ஆன்ட்டி கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தார்.

"ஐயோ, அவ்ளோ நல்லாவா இருந்துது?"

அம்மா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "பிரமாதமா இருந்துதுங்க!"

அங்கிள் மட்டும் விடவில்லை. "கேட்ச் புடிச்சாச்சு சார். அப்புறம் எப்படி ரன்?"

நீ அவரைப் பார்க் முன்னால் சம்மணம் போட்டு உட்கார வைத்தாய். பொம்மையைத் தொடக் கூடாதே. ஒரு கொண்டைக்கடலையைப் பந்தாக்கி, விரலை ரன்னராக ஓட்டி, இரண்டு தடவை விளக்கினாய். அவர் கடலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா, அடுத்த வருஷமும் உன் கிரவுண்டுதான். ஆனா பூரி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

வீடே சிரித்தது. பிளே-ஆஃபுக்குப் போய்விட்டோம் என்று வாசலில் நின்று ஊருக்கே கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

விஜயதசமி ராத்திரி அம்மா வழக்கம்போல ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, கொலுவை முடித்தாள். மறுநாள் காலை நீங்கள் ஸ்கூலுக்கும் அவள் டியூட்டிக்கும் போய்விட்டீர்கள். பொம்மைகளைக் கட்டி வைப்பது என் வேலை. பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க் முன்னால் மண்டியிட்டேன். மூன்றாவது பேஸில் நின்றவனை, மட்டையும் கையுமாக, கோலமாவுக் கோட்டின் மேலேயே மெல்ல நடத்திக் கொண்டுபோய், ஹோமில் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.