சீப்பு தூங்கட்டும்

சோப்புக் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி, பிரஷை அதற்குள் திணித்து, சவரக்கத்தியைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அடைத்து, எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் இறுக்கி வைத்ததும் சலூன்காரர் நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்துப் பார்ப்பார். உள்ளே எதுவோ கிணுகிணுக்கும். அவிழ்த்துப் பார்த்தால் படிகாரக் கல்லாக இருக்கும். அதை ஒற்றைக் காலுறைக்குள் போட்டு முடிந்துவிட்டு, மறுபடி ஒரு குதி. "ஓடும்போது பை வாயைத் திறக்கக் கூடாது. அது பேச ஆரம்பிச்சா நமக்கு ஓட்டம் வராது" என்பது அவர் கட்சி.

வயது ஐம்பத்தெட்டு. முப்பத்து நாலு வருஷம் நாற்காலிக்குப் பின்னால் நின்றே பிழைத்த உடம்பு. கெண்டைக்கால் இரண்டும் கல்லாட்டம் இருக்கும். தொப்பை மட்டும் யார் பேச்சையும் கேட்காது. அவர் ஓட்டம் என்று சொல்வதை மற்றவர்கள் வேகநடை என்பார்கள். தெரு நாய்கள் முதல் வாரம் துரத்திப் பார்த்தன. இந்த வேகத்துக்கு எதற்கு மெனக்கெடுவது என்று அவையும் விட்டுவிட்டன.

அவர் தனியாக ஓடியவரல்ல. விடிகாலை ஐந்தரைக்குப் பூங்கா வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கூட்டியவர் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி. வயது பார்க்காமல் எல்லோருக்கும் அக்கா. வெறுமனே ஓடி வியர்த்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அக்காவின் சட்டம். ஓடுகிற ஓட்டம் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஒருவர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பார், ஒருவர் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு பல்பு மாற்றுவார், நாலு பேர் சேர்ந்து யார் வீட்டு அலமாரியையாவது நகர்த்திக் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் மூச்சுவாங்கிச் சங்கம். நாலு வருஷத்துக்கு முன்பு சலூன்காரர் இதில் சேர்ந்த அன்று, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று அக்கா கேட்டார். "எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்று இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டிக் காட்டினார் இவர்.

ஏன் திடீரென்று ஓட்டம் என்று கேட்டவர்களிடமெல்லாம் தொப்பையைத் தட்டிக் காட்டுவார். மனைவி இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. அதனால் யாரும் துருவவில்லை.

அப்படித்தான் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சவரம் செய்வது அவர் பொறுப்பாயிற்று. செவ்வாயும் சனியும் பாலம் ஏறி இறங்கி மூன்று கிலோமீட்டர் ஓடினால் லிஃப்ட்காரர் வீடு. லிஃப்ட்காரர் எழுபதைத் தாண்டியவர். வாழ்நாளெல்லாம் ஊரிலுள்ள உயரக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர், லிஃப்டே இல்லாத கட்டிடத்தின் நான்காவது மாடியில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். "என் தலையெழுத்தைப் பாத்தீங்களா தம்பி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதல் நாள் நான்கு மாடியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்ட பெருமையில், சலூன்காரர் நுரை பூசியதும் கத்தியை எடுத்துவிட்டார். நெஞ்சு திம்திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. காதுக்குக் கீழே கீறிவிட்டது. தலையணையில் ரத்தம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. எத்தனை ஆயிரம் கழுத்தைப் பார்த்த கை! அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கீறல் பட்டவர்தான் சமாதானம் சொன்னார்: "மோட்டார் சூடா இருக்கும்போது யாராச்சும் கை வைப்பாங்களா? கொஞ்சம் ஆற விடுங்க தம்பி."

அன்று முதல் ஒரு வழக்கம் வந்தது. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டி, விரல்களின் மேல் ஒரு சீப்பைக் குறுக்கே வைப்பார். மூச்சு வாங்க வாங்கச் சீப்பு ஆடும். அது அசையாமல் நிற்கும்வரை கத்தியைத் தொடுவதில்லை. "சீப்பு தூங்கட்டும்" என்பார். தூங்கக் கால் மணி நேரமாவது ஆகும்.

அந்தக் கால் மணி நேரம் லிஃப்ட்காரருடையது. சண்டை போட்டுக்கொண்டே ஏறிய கணவனும் மனைவியும் பாதி வழியில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு, இறங்கும்போது கை கோத்துக்கொண்டு போன கதை வரும். உள்ளே ஓவென்று அழுத பெரிய அதிகாரி, கதவு திறந்ததும் டையைச் சரி செய்துகொண்டு, "இவ்வளவு நேரமா ரிப்பேர் பண்றது?" என்று அதட்டிய கதை வரும். தொழில் ரகசியமும் வரும். "உள்ள மாட்டினவன்கிட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டே இருக்கணும் தம்பி. ரிப்பேரெல்லாம் அப்புறம். பேச்சு நின்னுச்சுன்னாதான் அவனுக்குப் பயம் வரும்." சலூன்காரர் சீப்பைப் பார்த்தபடி தலையாட்டுவார். கடையில் வாய் ஓயாதவர் இங்கே கேட்பதோடு சரி.

போன மழைக்காலத்தில் அவருடைய வலது முழங்கால் மக்கர் செய்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஓடினால் நடப்பதும் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஓடலைன்னா என்ன, பஸ்ல போங்களேன். சவரம் பண்ண கைதானே வேணும்?" என்றார் அக்கா. நியாயமான யோசனைதான்.

பஸ்ஸில் போனார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று படியேறினார். நாற்காலி கட்டிலருகே தயாராகக் கிடந்தது. உட்கார்ந்து, கையை நீட்டி, சீப்பை வைத்தார். வைத்த கணமே அது தூங்கிவிட்டது. இனி என்ன செய்வது? நுரை, கத்தி, படிகாரம் என்று பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. லிஃப்ட்காரர் வழவழவென்றிருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அவ்வளவுதானா தம்பி?" என்றார்.

உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் போயிற்று என்று நமக்குத் தோன்றும். கையில் வேலை இல்லாமல் ஒருவர் எதிரில் உட்காருவது சலூன்காரருக்குப் பழக்கமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்று கேட்க லிஃப்ட்காரருக்கு வாய் வரவில்லை. சலூன்காரர் பையைக் கட்டிவிட்டுச் சும்மா நின்று பார்த்தார். "கடைக்கு நேரமாகலையா மாமா?" என்று வீட்டிலேயே தையல் வேலை செய்யும் மகள் மரியாதைக்குக் கேட்டதும் கிளம்பிவிட்டார்.

அவள்தான் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தாள். "அப்பா நாலு மணிக்கே முழிச்சுக்குவாரு மாமா. நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுற சத்தம் கேக்குதான்னு படியையே கவனிச்சுக்கிட்டு இருப்பாரு. இன்னிக்கு நீங்க படியேறினதே அவருக்குத் தெரியல." அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான்காவது மாடி வாசலில் நின்று புஸ்புஸ்ஸென்று நாலு மூச்சு விட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். உட்கார்ந்து சீப்பை விரல்மேல் வைத்து, மணிக்கட்டை மெல்ல ஆட்டினார். சீப்பு ஆடியது. நாற்பது வருஷம் மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவரிடம் இந்த வித்தை பலிக்குமா? லிஃப்ட்காரர் சீப்பைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு மோட்டார் ரொம்ப சூடு போல" என்றார். பிறகு சாவகாசமாக ஒரு புதுக் கதையை ஆரம்பித்தார்.

அப்படியே இரண்டு மாதம் ஓடியது. போன மாதம் லிஃப்ட்காரருக்கு வாதம் தாக்கி, பேச்சு அடியோடு போய்விட்டது. டாக்டர் கைவிரித்துவிட்டார். கண் மட்டும் பார்க்கிறது, வலது கை கொஞ்சம் அசைகிறது. "இனிமே சிரமப்படாதீங்க மாமா" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். சலூன்காரர் கேட்கவில்லை. அதே ஐந்தரை மணிக்கு அதே ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நொண்டிக்கொண்டு போகிறார்.

சென்ற சனிக்கிழமையும் போனார். சீப்பை வைத்து ஆட்டினார். அறையில் பேச ஆளில்லை. அடுத்த அறையில் மகளின் தையல் எந்திரம் கடகடவென்று ஓடி நின்றது. லிஃப்ட்காரரின் கண் சீப்பிலேயே இருந்தது. வாழ்க்கையில் எவரிடமும் சொல்லாததைச் சலூன்காரர் அன்று சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க வீட்ல ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தாண்ணே. கடைக்குப் பின்னாலயே ரூம். நடுவுல ஒரு திரைதான். கூப்பிடுவா. இதோ வந்துட்டேன்னு சொல்லுவேன். ஒரு தலை முடிஞ்சா அடுத்த தலை உக்காந்திருக்கும். போக மாட்டேன். பக்கத்துல போய் ஒரு பத்து நிமிஷம் சேந்தாப்ல உக்காந்ததில்லண்ணே நான்."

சீப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடை நிறையக் கூட்டம். ரெண்டு தடவை கூப்பிட்டா. அப்புறம் சத்தமே இல்ல. தூங்கிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன். கையில பாதி முகம் இருந்துச்சு. முடிச்சேன். அடுத்த ஆளையும் உக்கார வெச்சு முடிச்சேன். அப்புறம்தான் போய்த் திரையை விலக்கினேன்."

சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தபோது விரல்மேல் சீப்பு அசையாமல் கிடந்தது. பேச்சில் அதை ஆட்டவே மறந்துபோயிருந்தார். "தூங்கிடுச்சுண்ணே" என்று முனகிவிட்டு, இடது கையால் சோப்புக் கிண்ணத்தை எடுக்கப் போனார்.

லிஃப்ட்காரரின் கை போர்வையிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, சீப்பின் நுனியைத் தொட்டு, அதை ஆட்டிவிட்டது.