மீட்டர் காட்டிய நாற்பது

எங்கள் லொறிக்குப் பெரிய டயர் பூட்டிய அன்று நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. அடம் பிடிப்பதில் என்னை வெல்ல வீட்டில் ஆள் கிடையாது. இன்றைக்கு என் புருஷனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவரும் வென்றதில்லை.

லொறி வாப்பாவுக்கும் மாமாவுக்கும் பொது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. அறுவடைக் காலத்தில் வாப்பா ஆற்றுக்கு அப்பால் வட்டை என்ற வயல்வெளிக்குப் போய் வயலிலிருந்து நெல் ஏற்றி வருவார். மற்ற நாட்களில் மாமா மருதமுனையில் நெய்த சாரங்களை, அதாவது கைலிகளை, ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடுவார். மழை வந்தால் கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த பாலத்தில் ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் பாயும். வயல் பாதையில் வண்டி வயிறு வரைக்கும் புதையும். அதற்காகத்தான் அந்தப் பெரிய டயர்கள். அவற்றைப் பூட்டியதும் லொறி ஒரேயடியாக வளர்ந்துவிட்டது. முன்பு நானே தாவி ஏறிய படியில் இப்போது வாப்பா தூக்கிவிட வேண்டியிருந்தது.

லொறிக்குள் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஊர் மனைக்குள் நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது வாப்பாவின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு வந்தது என்று உம்மா சொல்லுவா. குர்ஆன் ஓதல் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் நான் முன் ஆசனத்தில் இருந்து மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். முள் நாற்பதைத் தொட்டதும் "நாப்பது!" என்று கத்துவேன். வாப்பா உடனே காலை எடுப்பார். "நீதான் என்ட பொலிசு" என்பார். அது விளையாட்டு என்று எனக்குத் தெரியாது. நான் இல்லாவிட்டால் அந்த வண்டி ஓடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயர் பூட்டிக் கொஞ்ச நாளில், மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம், மருதமுனைப் பெரிய ரோட்டில் அது நடந்தது. நான் அப்போதுதான் நாற்பது என்று கத்தியிருந்தேன். பின் கரியரில் சாரக் கட்டு வைத்த சைக்கிளில் ஒருவர் ரோட்டைக் கடந்து ஒழுங்கை ஒன்றின் சந்துக்குள் திரும்பினார். வாப்பா பிறேக்கை மிதித்தார். நான் டாஷ்போர்டில் போய் மோதினேன். அவர் கடந்தே விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சைக்கிளின் பின் சில்லு மட்டும் அகப்பட்டுவிட்டது.

ரோடு முழுக்கச் சாரம். சிவப்பும் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடந்தன. அவற்றின் நடுவே அந்த மனிதர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வாப்பா அவரைத் தூக்கி என் பக்கத்தில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். போகும் வழியெல்லாம் அந்த மனிதர் ஒன்றையே சொன்னார். "நான் பாத்துத்தான் திரும்பின காக்கா. ஒங்கட வண்டிதான் வேகமா வந்திச்சி." எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவரைக் காக்கா என்போம். வாப்பா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவர் நெசவுகாரர். தறிக்குக் கையைப் போலவே காலும் வேண்டும். மாதக் கணக்கில் மிதி மிதிக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செலவை ஏற்க வாப்பா மறுக்கவில்லை, பிரச்சினை அதுவல்ல. நெசவுகாரர் சொன்ன சொல்தான் பிரச்சினை. வண்டி வேகமாக வந்தது என்று அவர் நின்றார். நாற்பது என்று வாப்பா நின்றார். பொலிசுக்குப் போகாமல் பேசி முடிப்போம் என்று இரண்டு வீட்டாரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

பள்ளியின் வெளி விறாந்தையில் மரைக்கார்மார், அதாவது பள்ளி நிர்வாகத்துப் பெரியவர்கள், பாயில் இருந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு அந்த மனிதரைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். வாப்பா தொழுகைக்குப் போலக் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டு வந்து குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்தார். "வல்லாஹி, என்ட வண்டி நாப்பதுக்கு மேல போகல்ல." பிறகு ஒரு மரைக்கார் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"புள்ள முன்னுக்குத்தானே இருந்த? மீட்டர்ல எவ்வளவு கிடந்த?"

மீலாத் போட்டியில் குர்ஆன் கிராஅத் ஓதுகிற குரலில் சொன்னேன். "நாப்பது. நான்தான் பாத்த."

புள்ள பொய் சொல்லாது என்று யாரோ சொன்னார்கள். விறாந்தை முழுவதும் ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கதிரையில் இருந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.  கண்மண் தெரியாமல் திரும்பிவிட்டு, அதை மறைக்கப் பள்ளிவாசலில் வைத்தே பொய் சொன்னவன் என்று ஊர் அவரைப் பேசியது. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் பின்வாங்கிக்கொண்டிருப்பதாக உம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னதைக் கேட்டேன். பாவமாக இருந்தது. ஆனாலும் பொய் சொன்னால் அப்படித்தான் என்றும் நினைத்தேன்.

பிறகு அறுவடை வந்தது. சேற்றில் புதையாத லொறி இப்போது மேட்டில் ஏறமாட்டேன் என்றது. நெல் மூட்டையோடு வயலிலிருந்து அணைக்கட்டில் ஏறும்போது எஞ்சின் இருமி இருமி நின்றது. கிளச் கருகிய மணம் என் பாவாடை வரைக்கும் ஏறிவிட்டது. வாப்பா வண்டியை ஆலையடிவேம்பில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாஸ், அதாவது மெக்கானிக், ஒரு வாயாடி. ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடுவார். கேட்டதற்கும் பதில் சொல்லுவார், கேட்காததற்கும் சொல்லுவார்.

அவர் எங்கள் பழைய டயர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதில் ஒரு சோக்குக் கோடு போட்டு, சீமெந்துத் தரையில் ஒரு சுற்று உருட்டினார். தொடங்கின இடத்திலும் நின்ற இடத்திலும் கோடு போட்டார். அதே இடத்திலிருந்து புது டயரையும் ஒரு சுற்று உருட்டினார். அது பழைய கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டு கோட்டுக்கும் இடையில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.

"இதுதான் காக்கா வண்டிட வருத்தம்" என்றார் பாஸ். "டயர் பெருத்தா ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவு கூட ஓடுது. எஞ்சின் பாவம் என்ன செய்யும்? பின் அச்சுல கியர்ப் பல்லு மாத்தோணும். இப்ப சின்னப் பல்லு ஆறு தரம் சுத்தினா சில்லு ஒரு தரம் சுத்தும். ஏழு தரம் சுத்துற சோடி போட்டா பழைய இழுவை வந்திரும். எட்டுப் போட்டா மலையிலயும் ஏறும், ஆனா வேகமா ஓடாது." பிறகு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மீட்டரும் பொய்தான் சொல்லிக்கிட்டு வந்திருக்கும். அது சின்னப் பல்லு சுத்துறதத்தான் எண்ணும், அதுக்குப் பழைய டயர் கணக்குத்தானே தெரியும். முள்ளு நாப்பதுல நிக்கக்குள்ள வண்டி நாப்பத்தாறுல ஓடியிருக்கும். நீங்க ஆறு மைல் லாபம் எண்டு நினைச்சுக்கங்க!"

மைல் இல்லை, கிலோமீற்றர் என்று நான் திருத்தினேன். பாஸ் இன்னும் பலமாகச் சிரித்தார். நான் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். என் இரண்டு பாதமும் முன்பின்னாக வைத்தால் சரியாக அடங்கியது. "வாப்பா, இஞ்ச பாருங்க, நான் கொள்ளுறன்!"

வாப்பா பார்த்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். கடந்தே போயிருக்க வேண்டிய ஒரு சைக்கிளின் பின் சில்லு மட்டும் ஏன் அகப்பட்டது என்பது அவருக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது, வாப்பா குடிக்கவில்லை. வண்டியைத் திறந்தபடியே வைக்கச் சொல்லிவிட்டு என்னை பஸ்ஸில் கூட்டி வந்தார். 

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு மௌலவியும் மாமாவும் எங்கள் வீட்டு முன் அறையில் இருந்தார்கள். தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லை என்று மௌலவி ஆறுதலாகச் சொன்னார். மாமா இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "ஆறு கிலோமீற்றர் தானே மச்சான். முடிஞ்ச விசயம். இனி வாயைத் திறந்தீங்க எண்டா பொலிசுக்குப் போவானுகள். லைசனும் போகும், மானமும் போகும்."

"எனக்குக் குத்தமில்ல, சரி" என்றார் வாப்பா. "அந்தப் பொடியன்ட சொல்லுக்கு ஆரு பதில் சொல்றது?"

 உள்ளே இருந்து உம்மாதான் சொன்னா. "சொல்லிப்போட்டு வாங்க. இல்லாட்டி ஒங்களுக்கும் சோறு இறங்காது, எங்களுக்கும் இறங்காது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலையுமுன் வாப்பா எழும்பி நின்று சொன்னாராம். தன் சத்தியம் பிழை, வண்டி வேகமாகத்தான் வந்தது, அந்த நெசவுகாரப் பொடியன் சொன்னதுதான் உண்மை என்று. மாமா வந்து உம்மாவிடம் இதைச் சொல்லும்போது கோபத்தில் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தார். பின் வரிசையில் சிலர் சிரித்ததாகவும், ஒருவர் இனி இவன் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று கேட்டதாகவும் சொன்னார். பிறகு அங்கேயே கதிரையில் இருந்து அழுதார். மாமா அழுது அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

பின்நேரம் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு நெசவுகாரர் வீட்டுக்குப் போனார். அவர் கட்டிலில் இருந்தார். பக்கத்து அறையில் தறி மேல் ஒரு சீலை போர்த்திக் கிடந்தது. பள்ளியில் சொன்னதை வாப்பா அவருக்கும் அவருடைய உம்மாவுக்கும் முன்னால் மறுபடியும் சொன்னார். "இவளும் அண்டைக்குப் பிழையாத்தான் சொன்ன" என்று முடித்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். என்னை ஏன் இதற்குள் இழுக்கிறார்? "மீட்டர்ல நாப்பதுதான் கிடந்த!" என்று கத்தினேன். கண்ணீர் வழிய, காலால் நிலத்தை உதைத்து, மறுபடியும் மறுபடியும் அதையே கத்தினேன். வாப்பா என் வாயைப் பொத்த வந்தார். கட்டிலில் இருந்தவர் அவரைக் கையால் தடுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஓம் மனே" என்றார், மகளை அழைப்பது போல. "நாப்பதுதான் கிடந்திருக்கும்."

எனக்கு அவ்வளவே போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாப்பாவை ஒரு பார்வை பார்த்தேன். அடுத்த நாள் வகுப்பில், அந்தக் காக்காவே ஒத்துக்கொண்டார் என்று பெருமையடித்தேன்.

பல் மாற்றும் நாளில் பாஸ் இரண்டு சோடியையும் எண்ணெய்ச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். ஏழு சுற்றுச் சோடியைப் போடுங்கள் என்றார் மாமா. மீட்டரும் சரியாகும், கொழும்புக்கும் ஓடலாம். அதுதான் கணக்கு என்றார் பாஸ். வாப்பா குந்தியிருந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். பிறகு எட்டுச் சுற்றுச் சோடியைத் தூக்கிக் கொடுத்தார்.

"மாட்டு வண்டியா ஓடப் போறீங்க?" என்றார் மாமா.

"டயர் தேயும், காத்துக் கூடும் குறையும்" என்றார் வாப்பா. "இனி நான் ஒரு வேகம் சொன்னா, வண்டி அதுக்குக் கீழதான் ஓடோணும்."

அந்த லொறி அதன் பிறகு கொழும்பைப் பார்க்கவில்லை. மாமா கொஞ்ச நாளில் வேறொருவருடைய வண்டிக்கு டிரைவராகப் போனார். எங்கள் வீட்டுக்கு வருவதும் குறைந்தது. உம்மா அதை வாப்பாவிடம் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. பெருநாளன்று மட்டும் மாமாவுக்கென்று எடுத்துவைத்த வட்டிலாப்பத்தை மூடி, இருட்டும் வரைக்கும் வைத்திருப்பா.

நெசவுகாரரின் மாவுக்கட்டை வெட்டும் நாளில் வாப்பாதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் ஜன்னல் பக்கம் காலை நீட்டி இருக்க, நான் நடுவில். பள்ளிக்கூட வேன் எங்களைக் கடந்து போனது. ஆட்டோக்கள் கடந்து போயின. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்றுகூடக் கொஞ்ச தூரம் எங்களோடு பக்கத்தில் ஓடியது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் முள் ஏறுவதைக் கண்டேன்.

"நாப்பது!"

வாப்பா காலை எடுத்தார். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் திரும்பி, "நாப்பதுதானே?" என்று நெசவுகாரரிடம் கேட்டேன்.

வண்டி அப்போது முப்பத்தைந்துக்கு மேல் ஓடியிருக்காது. அது வாப்பாவுக்குத் தெரியும். பல் மாற்றிய கதையை வாப்பா சொல்லியிருந்ததால் அவருக்கும் தெரியும். அவர் வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"ஓம் மனே, நாப்பதுதான்" என்றார்.

நான் வெற்றியோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்று அந்தப் பள்ளி விறாந்தையில் அவர் சொன்னதற்கு ஒரு ஆள்கூட ஓம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை.