மஞ்சள் தண்ணீரில் கழுவிய முட்டைகள்

இரஞ்சிதம் வீட்டுக்குத் திரும்பியபோது முட்டைகள் குளித்து முடித்து, கிணற்றடியில் ஒரு சுளகில் கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை ஓடுகள் எல்லாம் மஞ்சளாகியிருந்தன. பக்கத்தில் மூடி திறந்த பிஸ்கற் தகரமும், கொட்டிய உமியும், கிழித்த கடதாசியும்.

கையில் மருந்துப் போத்தலோடு அப்படியே நின்றாள்.

"மச்சாள், உங்கடை பார்சல் வந்தது," என்றாள் தம்பியின் மனைவி சிவக்கொழுந்து, வாளியைக் கவிழ்த்தபடி. "உடைஞ்சு ஒழுகி ஒரே நாத்தம். அம்மன் கோயிலிலை கொடி ஏறியிருக்கு. முட்டையும் மச்ச மாமிசம்தானே, அப்பிடியே வீட்டுக்கை எடுக்கேலுமே? மஞ்சள் தண்ணியிலை நல்லாய்த் தேய்ச்சுக் கழுவினனான்."

"தேய்ச்சோ?"

"ஓம், தேங்காய்த் தும்பாலை."

"அடைக்கு வைக்கிற முட்டையெண்டு நான் உமக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னனீங்கள்தான். அதுக்காக ஊத்தையோடை வைக்கிறதே?"

இரஞ்சிதத்துக்குக் காது கொதித்தது. முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. உள்ளே இருக்கும் உயிருக்கு அதுதான் காவல். தேய்த்தால் அது போய்விடும். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளி அழுக்கை ஓடே உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். போதாததற்கு ஆனி மாதத்து வெயில். அவள் சுளகைத் தூக்கி நிழலில் வைத்தாள். வாய் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அவை கடையில் வாங்கிய முட்டைகள் அல்ல. பண்டாரவளையில் அவள் வளர்த்த கோழிகளின் முட்டைகள். புருஷன் இறந்தபின் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளரைப் பராமரிக்கும் வேலை பழகி, பல வருடம் அதையே செய்தாள். வீட்டுக்குப் பின்னால் வெள்ளை லெகோன் கோழிகள் வளர்த்தாள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீடும் எரிந்தது, கூடும் எரிந்தது. உடுத்த சேலையோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கி, கரம்பனில் தம்பி வீட்டில் ஒதுங்கினாள். தப்பி ஓடிய கோழிகள் சிலவற்றைப் பக்கத்து வீட்டுக் குசுமாவதி பிடித்துத் தன் வளவில் வைத்திருந்தாள். ஒரு வருடம் போகிற நேரத்தில் குசுமாவதி மகளோடு இருக்கப் போவதாகவும், கோழிகளை விற்கப் போவதாகவும் சொல்லியனுப்பினாள். இரஞ்சிதம் உடனே பதில் போட்டாள்: விற்க முன்னம் முட்டைகளை உமியில் அடுக்கித் தபாலில் அனுப்பு.

குசுமாவதி அனுப்பினாள். வழியில் எங்கோ சோதனைக்காரர் தகரத்தைத் திறந்து, உமிக்குள் கம்பி விட்டுக் கிண்டியிருந்தார்கள். சில உடைந்திருந்தன. ரெயிலிலும் பஸ்சிலும் குலுங்கி மிச்சம் முழுதாகக் கரம்பன்வரை வந்து சேர்ந்தது. முழுதாக வந்ததைச் சிவக்கொழுந்து பார்த்துக்கொண்டாள்.

அதுவும் எந்த நேரத்தில்? சிவக்கொழுந்துவின் தாய் அன்னபூரணம் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. கிழவிக்கு மருந்தெடுக்க இரஞ்சிதம் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நேரத்தில்.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று கிழவியின் படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து இரஞ்சிதம்தான் மாற்றினாள். மறுநாளும் மாற்றினாள். பிறகு அது அவளுடைய வேலையாகிவிட்டது. வருகிறவர்களிடம் சிவக்கொழுந்து, "மச்சாள் இருக்கிறா, எங்களுக்கு நேர்ஸ் வீட்டிலை," என்று சிரிப்பாள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இரஞ்சிதத்தின் சீதன வளவு கிடந்தது. அதிலிருந்த மண்வீட்டில் தம்பி மார்க்கண்டு வைக்கோல் அடைத்து வைத்திருந்தான். முட்டைகள் குஞ்சு பொரித்தால் அங்கே ஒரு கூடு, தனக்கென்று ஒரு உழைப்பு என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பொரிக்காவிட்டால் சாகுமட்டும் தம்பி வீட்டு நேர்ஸ்.

பின்னேரம் மார்க்கண்டு வந்தான்.

"முட்டைதானே அக்கா. கொடி இறங்கட்டும், நான் கடையிலை வேண்டித் தாறன்."

"தின்னவோடா நான் எடுப்பிச்சனான்? உங்கடை கோழி விறகுக்குள்ளை அடைகிடக்குது. அதையெண்டாலும் தாங்கோ."

"கொடி இறங்குமட்டும் இந்த வளவுக்கை முட்டை அடை வைக்கேலாது," என்றாள் சிவக்கொழுந்து குசினிக்குள் இருந்து. மார்க்கண்டு நிலத்தைப் பார்த்தான். எப்போதும் அவனுக்கு நிலத்தில் ஏதோ வேலை இருந்தது.

பத்து நாள் திருவிழா முடியும்வரை குலுங்கிக் கழுவுண்ட முட்டை தாங்காது. இரஞ்சிதம் அவற்றைக் கூர்ப்பக்கம் கீழே இருக்க ஒரு ஓலைக் கடகத்து உமியில் நிறுத்தி, பயண ஆட்டம் அடங்க ஒரு இரவு விட்டாள். காலையில் கடகத்தைத் தூக்கிக்கொண்டு மீன்பிடிகாரர் இருக்கும் கரைக்கு நடந்தாள். மீன் கொண்டு வரும் ஜசிந்தாவின் வீட்டில் ஒரு அடைக்கோழி இருந்தது அவளுக்குத் தெரியும்.

"எங்கடை அக்கா கரையிலை போய் நிண்டால் சனம் என்ன சொல்லும்?" என்று மார்க்கண்டு பின்னால் கேட்டான்.

"கேட்டுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லு," என்றாள்.

ஜசிந்தா கடகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இதென்னக்கா, முட்டையள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியத் தண்ணி வாத்தனீங்களோ?"

"சிரிக்காதை ஜசிந்தா. எனக்கு ஆருக்கெண்டாலும் அடிக்கவேணும் போலக் கிடக்கு."

"எனக்கு அடியாதேங்கோ. கோழி என்னட்டைத்தான் கிடக்கு."

பழைய பெட்டியில் மணல் போட்டு, அதன்மேல் வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கினார்கள். ஒரு கோழிக்கு அத்தனையும் கொள்ளாது என்று ஜசிந்தா அயலில் இன்னொரு கோழியையும் இரவல் வாங்கி வந்தாள். இடிச் சத்தத்தில் முட்டை கூழாகிவிடும் என்று கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் பெட்டிக்குள் வைத்தாள். இரஞ்சிதத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"கழுவாமல் என்ன வேணுமெண்டாலும் செய்," என்றாள்.

ஒரு கிழமை கழித்து இரஞ்சிதம் ஜசிந்தா வீட்டு அறையைச் சாத்தி, ரோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தாள். சிலதில் சிலந்திக் கால் போல இரத்த நரம்பு ஓடியிருந்தது. பலதில் ஒன்றுமில்லை. சிலது உள்ளே கறுத்து, எடுக்கும்போதே மணத்தது. வெடித்தால் நல்லதையும் கெடுக்கும். கெட்டதையெல்லாம் வேலியோரம் கிடங்கு வெட்டித் தாட்டாள். ஒவ்வொன்றுக்கும் மண் தள்ளும்போது அவளுக்குச் சிவக்கொழுந்துவின் கையிலிருந்த தும்புதான் தெரிந்தது.

வீட்டில் சிவக்கொழுந்துவோடு பேச்சை விட்டிருந்தாள். கிழவிக்கு மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. நோயாளியின் உடம்பில் கோபத்தைக் காட்டாமல் பழகிய கை அது. ஆனால் சட்டி பானைகள் தப்பவில்லை.

கொடி இறங்கி, வீட்டில் மீன் சட்டி மறுபடி அடுப்பேறியபின் ஒருநாள் குஞ்சுகள் வந்தன. ஆறு. ஒன்று காலை இழுத்தது. மற்றவை நன்றாக இருந்தன. இரண்டை ஜசிந்தாவின் பங்காக விட்டாள். காலை இழுத்த குஞ்சைத் தான் எடுப்பதாக ஜசிந்தா சொன்னாள். "விசர்க்கதை கதையாதை," என்று இரஞ்சிதம் நல்லதாக இரண்டைப் பிடித்து அவளுடைய மடியில் போட்டாள்.

செய்தி இரஞ்சிதத்துக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களே மச்சாள்," என்று சிவக்கொழுந்து முகம் மலர்ந்து வாசலுக்கு வந்தாள். "அம்மாளாச்சியின்ரை மஞ்சள் தண்ணி பட்டதாலைதான் ஆறெண்டாலும் வந்தது. இனி இஞ்சை கொண்டு வாங்கோ. எங்கடை கூட்டிலை விடுவம். முட்டை வீட்டுக்கும் ஆகும்."

அத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தது.

"ஆறெண்டாலுமோ? மிச்சத்தை நான் என்ரை கையாலை தாட்டனான். அப்ப உம்மடை மஞ்சள் தண்ணி எங்கை போனது? உம்மடை கூட்டிலை விடவோ? குஞ்சு வெளியிலை வந்து ஒரு நாள் ஆகேல்லை, அதுக்குள்ளை எங்கடையெண்டு சொல்லுறீர்!" திரும்பினாள். "மார்க்கண்டு, என்ரை வளவு வீட்டிலை கிடக்கிற உன்ரை வைக்கலை இண்டைக்கே இறக்கு. நான் அங்கை போறன்."

"வைக்கலை எங்கையக்கா போடுறது?"

"உன்ரை தலையிலை போடு."

"அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றாள் சிவக்கொழுந்து. அதுதான் அவளுடைய உண்மையான பயம்.

"பெத்த மகள் நீர். வாரும் உள்ளுக்கு."

அறைக்குள் அன்னபூரணம் நனைந்த சீலையில் கிடந்தாள். சிவக்கொழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வாரும். தோளிலை ஒரு கை, இடுப்பிலை ஒரு கை. இழுக்கக் கூடாது, உருட்ட வேணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பும். முதுகு சிவந்தால் என்னைக் கூப்பிடும், வருவன். வேறை ஒண்டுக்கும் வரமாட்டன்."

சிவக்கொழுந்து ஒரு கையால் மூக்கைப் பொத்தினாள்.

"கையை எடும்," என்றாள் இரஞ்சிதம். "இதுக்கு ரெண்டு கையும் வேணும்."